அந்தச் சார்ட்டை முதலில் கழற்றுங்கள் டீச்சர்

எட்டாம் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவர் வகுப்பில் ஆண்டு நடுவில் ஒரு பையன் சேர்ந்தான், வேறு ஊர்ப் பேச்சு. எழுந்து பாடம் வாசித்தால் கடைசி பெஞ்சில் மூன்று பேர் அவன் இழுக்கிற மாதிரியே இழுத்துக் காட்டுகிறார்கள். பாதி வகுப்பு சிரிக்கிறது, மீதிப் பாதி புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்கிறது. 'அடையாளம்' என்றால் என்ன என்று புரியவைக்கலாமே என்று டீச்சர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்: வீட்டில் பேசும் மொழி, குடும்பம், பிறந்த இடம், பயம், ஆசை எல்லாவற்றையும் எழுதிச் சார்ட்டாகச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒரே வாரத்தில் அந்தச் சார்ட்டிலிருந்தே அவனுக்குப் புதுப் பட்டப்பெயர் கிடைத்துவிட்டது. இப்போது நிர்வாகம் ஒருநாள் பயிற்சி நடத்துகிற ஆளைக் கூப்பிடலாம் என்கிறது. "ஒத்துக்கொள்ளவா? மற்ற பிள்ளைகளை அவனுக்குத் துணையாக நிற்கவைப்பது எப்படி?"

முதல் கேள்விக்குப் பதில், என்னைக் கேட்டால் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன், கொஞ்சம் கோபமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். நீங்கள் அந்த மூன்று பேரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கோ தலையைக் குனிந்துகொள்கிற அந்தப் பாதி வகுப்பு மேல்தான் கண். சிரிக்காமல் குனிகிறார்கள் என்றால் நடப்பது தப்பு என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அறிவுரை அவர்களுக்குத் தேவையே இல்லை, அந்த நேரத்தில் வாயாலும் கையாலும் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்து பார்த்த ஓர் ஆய்வு 2001-இல் வெளிவந்தது. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை சீண்டுகிற சம்பவங்களில் 88 சதவீதத்தில் வேறு பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள், யாராவது குறுக்கே வந்தது 19 சதவீதத்தில்தான். ஆனால் குறுக்கே வந்தபோது பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்தே நொடியில் சீண்டல் நின்றுவிட்டது. பத்து நொடி! நீங்கள் நோட்டுத் திருத்துவதை விட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துபோகிற விஷயம். அந்தப் பத்து நொடிக்குப் பழக்கிவிடுவதுதான் உங்கள் வேலை.

சரி, அடையாளத்தைப் புரியவைப்பது? இதில்தான் எல்லாரும் தவறான முனையில் தொடங்குகிறார்கள். 'நீ யார், சொல்' என்று பிள்ளையை எல்லார் முன்னாலும் திறந்து காட்டச் சொல்கிறார்கள். யாருக்குக் காட்டுவதில் நஷ்டமில்லையோ அவன் ஜாலியாகக் காட்டுவான், யாருக்கு நஷ்டமோ அவன் ஒன்று பொய் எழுதுவான் இல்லை மாட்டிக்கொள்வான். உங்கள் பையன் உண்மையை எழுதினான், மாட்டிக்கொண்டான். வீட்டு விஷயங்களுக்குள் போகாமலே இந்தப் பாடத்தை எடுக்க முடியும். 1970-இல் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஒரு சோதனையைக் கதையாகச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் 14, 15 வயதுப் பையன்கள் 64 பேர். திரையில் சட்டென்று புள்ளிகள் தோன்றி மறையும், எத்தனை என்று ஊகிக்க வேண்டும். பிறகு 'நீ கூடுதலாகச் சொல்கிற குழு, நீ குறைவாகச் சொல்கிற குழு' என்று பிரித்தார்கள். உண்மையில் குலுக்கிப் போட்ட மாதிரிதான் பிரித்தது, பையன்களுக்கு அது தெரியாது. தன் குழுவில் யார் யார் என்றுகூடத் தெரியாது. அப்படியும் காசு பங்கிடச் சொன்னபோது பெரும்பாலோர் தன் குழுக்காரனுக்கே கூடக் கொடுத்தார்கள். புள்ளி எண்ணுவதற்கே ஓரவஞ்சனை வரும் என்றால்? இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். வகுப்பு தானே பேச ஆரம்பிக்கும், நீங்கள் முடிவுரை சொன்னால் கெட்டுவிடும்.

அடுத்த நாள் ஒரு கத்தரிக்கோல் கொண்டுபோங்கள். சாதாரணக் கத்தரிக்கோல், வலக்கைக்காரர்களுக்குச் செய்தது. எல்லாரும் இடது கையால் ஒரு வட்டம் வெட்டட்டும். தாள் மடங்கும், கிழியும், சிரிப்பார்கள். வகுப்பில் இடக்கைப் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும், தினமும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறது. 'தன்னைப் பற்றிய எந்த விஷயம், யாராவது ஞாபகப்படுத்தும்வரை நமக்கு ஞாபகமே வராது? எந்த விஷயத்தை ஊரே நமக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்?' என்று கேட்டுவிட்டு, விடையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாரும் வாசித்துக்காட்ட வேண்டாம், நீங்களும் வாங்கிப் பார்க்க வேண்டாம். அடையாளப் பாடம் இவ்வளவுதான், இரண்டு பீரியட்.

இப்போது அந்த ஒருநாள் பயிற்சியாளர்.

இவர்களில் நல்லவர்கள் இருக்கலாம், நான் பார்த்தது குறைவு. வழக்கமான சரக்கு இரண்டு. ஒன்று, கண் நிறத்தை வைத்தோ சட்டை நிறத்தை வைத்தோ வகுப்பைப் பிரித்து, ஒரு பாதியை மட்டம் தட்டிக் காட்டுவது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற மூன்றாம் வகுப்பு ஆசிரியை தன் பிள்ளைகளிடம் செய்தது அது. அதற்கே இன்றுவரை இரண்டு பக்கமும் வாதம் ஓடுகிறது. குறைந்தது அவர் அந்த வகுப்பின் சொந்த டீச்சர், அடுத்த நாளும் அதே பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டியவர். உங்கள் பயிற்சியாளர் நாலரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அழுத பிள்ளை உங்களிடம் இருக்கும்.

இன்னொன்று, எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து 'வீட்டில் தனி அறை இருப்பவர்கள் ஓர் அடி முன்னால் வாருங்கள், அப்பா அம்மா காலேஜ் படித்தவர்கள் ஓர் அடி முன்னால் வாருங்கள்' என்கிற விளையாட்டு. ஒரு பள்ளியில் இதை ஓரமாக நின்று பார்த்தேன். கடைசியில் ஒரு பெண் மட்டும் ஆரம்பக் கோட்டிலேயே நின்றாள். சட்டையின் கீழ் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பயிற்சியாளர் ஏணி மேல் ஏறி போட்டோ எடுத்தார், மேலிருந்து எடுத்தால்தான் இடைவெளி நன்றாகத் தெரியுமாம். முன்வரிசைக்கு ஞானம் வருவதற்கு அவள் பாடப்புத்தகமாக நிற்க வேண்டியதாயிற்று. மாலையில் எல்லாருக்கும் சான்றிதழ், அவளுக்கும்.

நிர்வாகம் ஏன் இதற்கே ஓடுகிறது என்று கேட்கிறீர்களா? ஒரு நாளில் முடியும், போட்டோ இருக்கும், படிவத்தில் 'நடத்தப்பட்டது' என்று டிக் போடலாம். ஒரு பிள்ளை பக்கத்தில் இன்னொரு பிள்ளை போய் உட்கார்ந்ததை எந்தப் படிவத்தில் எழுதுவது, அதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது. நாற்பது பிள்ளைகளையும் எழுபது சுற்றறிக்கைகளையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு 'வகுப்பில் இணக்கம் ஏன் இல்லை' என்று கேட்பார்கள். விடுங்கள், இதைப் பேசினால் நான் நிறுத்த மாட்டேன். தவிர்க்கவே முடியாது, ஆள் வந்தே தீருவார் என்றால் அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தப் பிள்ளையாவது தன் சொந்த விஷயத்தை மற்றவர் முன் சொல்லும்படி ஆகுமா? ஒரு மாதம் கழித்துத் திரும்ப வருவீர்களா? முதலாவதற்கு ஆமாம், இரண்டாவதற்கு இழுப்பு என்றால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

துணை நிற்பதைப் பழக்குவது ஒத்திகைதான், வேறு மந்திரம் கிடையாது. நான் வகுப்பில் செய்வது இது. நாலு பேர் கொண்ட குழு. ஒருவர் ஏதோ ஒரு வார்த்தையைத் தப்பாக வாசிக்க வேண்டும் (உங்கள் பையன் பேச்சு மாதிரி எதுவும் அங்கே வரவே கூடாது), ஒருவர் அதைக் கிண்டல் செய்ய வேண்டும், மூன்றாவது ஆள் ஏதாவது சொல்ல வேண்டும், நாலாவது ஆள் சிரிக்காமல் இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு பையன், நல்ல திடகாத்திரமான பையன், 'விடுடா, அடுத்த வரிக்குப் போலாம்' என்ற ஒரு வரியைச் சொல்ல நாலு தடவை எடுத்தான். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவதில் அவனே சிரித்துவிட்டான். மூன்றாவதில் ஏதோ சண்டைக்குப் போகிற மாதிரி கத்தினான். நாலாவதில் மூக்கைச் சொறிந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னான், அதுதான் சரியான தொனி. வீரவசனம் பேசினால் சண்டை வரும், சலிப்பாகச் சொன்னால் கிண்டல் செய்தவனுக்குப் பிடிமானம் போய்விடும். சொல்ல வாய் வராத பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது: சிரிக்காமல் கிண்டல் செய்தவனையே பார்ப்பது, பேச்சை மாற்றுவது, மணி அடித்ததும் அந்தப் பையனோடு சேர்ந்து நடப்பது. இதில் சிரிக்காமல் இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

யாரை வைத்துத் தொடங்குவது? உங்கள் செல்லப் பிள்ளைகளை வேண்டாம். முதல் பெஞ்ச்காரி எழுந்து 'அப்படிச் சொல்லக் கூடாது' என்றால் வகுப்பு அவளையும் சேர்த்துக் கிண்டல் செய்யும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் 56 பள்ளிகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், 'கொஞ்ச நாளாக நீ யார் யாரோடு நேரம் போக்குகிறாய்' என்று பிள்ளைகளிடமே பெயர் எழுதி வாங்கினார்கள். நிறையப் பேர் பெயர் சொன்ன பிள்ளைகள் இந்த வேலையில் சேர்ந்த இடங்களில்தான் பலன் கூடுதல். அந்தப் பட்டியலில் உங்கள் கடைசி பெஞ்ச் மூவரில் ஒருவன் வந்தாலும் வரலாம். வந்தால் அவனையும் சேருங்கள், மனசு ஒப்பாவிட்டாலும்.

ஒன்றை மட்டும் நீட்டிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பையனைக் கேட்டீர்களா? கடிதத்தில் அவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லை. அவனுக்கு யாரும் எழுந்து பேசுவது பிடிக்காமல் இருக்கலாம். சில பிள்ளைகளுக்குக் கிண்டலை விட, கிண்டலைப் பற்றி வகுப்பு பேசுவது பெரிய வலி. 'இவனுக்காகப் பேசினோம்' என்பதே அடுத்த பட்டப்பெயர் ஆகிவிடும். அதனால் முதலில் கேளுங்கள், ஆனால் ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொல்லி அல்ல, அவன் எழுந்து போவதை நாற்பது பேர் பார்ப்பார்கள். நோட்டுகளைத் தூக்கிவர உதவி கேளுங்கள், நடந்துகொண்டே கேளுங்கள், எதிரெதிரே உட்கார்ந்தால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். 'உனக்கு என்ன பிரச்சினை' என்று ஆரம்பிக்காதீர்கள். 'வாசிக்கும்போது சத்தம் வருகிறது, நான் பார்க்கிறேன். நான் என்ன செய்தால் உனக்குப் பரவாயில்லை, என்ன செய்தால் இன்னும் மோசமாகும்?' என்று கேளுங்கள். 'ஒன்றும் வேண்டாம் மிஸ்' என்றால் சரி என்று விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து அதையே கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால் அவன் பெயரில் எதுவும் நடக்கக் கூடாது, அவனை உதாரணமாக்கும் ஒத்திகையோ உரையோ எதுவும். ஆனால் யார் வாசித்தாலும் நக்கல் சத்தம் வந்தால் நிறுத்துவது உங்கள் வகுப்பு விதி, அதற்கு அவன் அனுமதி தேவையில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிற டீச்சர்கள்தான் அதிகம். ஒன்று, அவனைக் கேட்காமல் ஊர்வலம் நடத்துவார்கள், அல்லது அவன் வேண்டாம் என்றான் என்று கிண்டலையே விட்டுவிடுவார்கள்.

பாடம் நடத்துகிற முறையிலும் ஒரு வழி உண்டு, வேலைதான். 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டினில், அதுவரை இனவாரியாகத் தனித்தனியாகப் படித்த பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்த சமயம், எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்தது. ஒரு பாடத்தை ஐந்தாறு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுப்பது. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் சேர்ந்து உட்கார்ந்து படித்துத் தயாராவார்கள், பிறகு தன் குழுவுக்குத் திரும்பிப்போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள். தேர்வு முழுப் பாடத்திலும். உங்கள் பையனிடம் மூன்றாவது துண்டு இருந்தால், அவன் பேச்சு எப்படி இருந்தாலும் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். முதல் தடவை சொதப்பும், ஆறேழு வாரம் விடாமல் செய்யுங்கள்.

அப்புறம் நீங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லாருக்கும் உள்ளதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள், நன்றாகப் படிப்பவன் என்று நினைத்த பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு பீரியட் போனில் ஒலிப்பதிவு செய்து வீட்டில் கேளுங்கள். அந்தப் பையன் தடுமாறும்போது எத்தனை நொடியில் 'சரி உட்கார், அடுத்தவன்' என்கிறீர்கள் என்று எண்ணுங்கள். பின் பெஞ்சும் அந்த 'அடுத்தவன்' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சார்ட்டுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் போனபின் கழற்றுங்கள், அவனுடையதை மட்டும் எடுத்தால் கண்ணில் குத்தும், மொத்தமாக எடுங்கள். திங்கட்கிழமை யாராவது கேட்டால் 'சுவர் வேறு வேலைக்கு வேண்டும்' என்று சொல்லி, அவரவர் சார்ட்டை அவரவர் நோட்டுக்குள் மடித்து வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுவரில் கத்தரிக்கோல் வட்டங்களை ஒட்டிக்கொள்ளலாம், கிழிந்தது, கோணலானது எல்லாம், பெயர் எழுதாமல்.