புறா இருக்கட்டும், கஞ்சியை எப்படி ஊட்டுகிறீர்கள்?

அன்புள்ள ஐயா,
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம். வலது கை, கால் வரவில்லை, பேச்சும் இல்லை. புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா? எந்த எண்ணெய் நல்லது? அப்பா படுத்தபடியே இருக்க அம்மா கஞ்சி ஊட்டுகிறார், தண்ணீர் குடித்தால் மட்டும் லேசாக இருமுவார். இடையில் இரண்டு முறை சளிக் காய்ச்சல் வந்து போனது. மற்றபடி நலம்.
— ஒரு வாசகர்

தம்பி,

புறாவை விட்டுவிடுங்கள், பாவம். பழுது மூளையின் இடது பக்கத்தில். தோலில் தேய்ப்பது அங்கே போகாது. எண்ணெய் எதுவானாலும் ஒன்றுதான். டாக்டர் எழுதிய மாத்திரை மட்டும் நிற்கக்கூடாது.

'மற்றபடி நலம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கோபமூட்டுகிறது. இருமல், படுத்தபடி கஞ்சி, இரண்டு காய்ச்சல். மூன்றையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, சேர்த்துப் பார்க்காமல் எண்ணெய்க்குத் தாவிவிட்டீர்கள். கஞ்சி நுரையீரலுக்குப் போகிறதோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டாமா?

விழுங்கும்போது மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தில் பலருக்கு அது தாமதமாக மூடுகிறது. தண்ணீர் வேகமாக ஓடுவதால் முந்திக்கொள்கிறது. கெட்டியானது மெதுவாக நகரும். ரசம் சாதமும் நொய்க்கஞ்சியும் இன்னும் மோசம்: பருக்கையை மெல்லும்போதே நீர் இறங்கிவிடும். அண்ணாந்து ஊற்றுவதும், குழந்தைக்குப் போலப் பாலாடையில் புகட்டுவதும் கூடவே கூடாது. சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போகும். அப்பாவுக்கு இருமலாவது வருகிறது.

நாளையே ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்குவதைச் சோதிப்பதும் அவர்தான். எதை எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம், கொடுக்கலாமா என்பதையே அவர் சொல்வார். சில நாள் மூக்கு வழியே குழாயில்தான் உணவு என்றால் அம்மா அழக்கூடாது. பலருக்குப் பிறகு எடுத்துவிடுகிறார்கள்.

வாய்வழி கொடுக்கலாம் என்றால்: முதுகு நேராக, முடிந்தால் நாற்காலியில். தலை பின்னால் சாயக்கூடாது. அரை டீஸ்பூன், நல்ல பக்கமான இடது கன்னத்தில். தொண்டை மேடு ஏறி இறங்கியதா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். பேச்சு இல்லாவிட்டாலும், முடிந்தால் 'ஆ' என்று குரல் எழுப்பச் சொல்லுங்கள். குரல் நீர் கலந்து களகளவென்றால் அத்தோடு நிறுத்துங்கள். வலது கன்னத்தில் சோறு ஒதுங்கிக் கிடக்கும், அவருக்குத் தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்து, துடைத்து எடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். பல் தினம் இரண்டு வேளை துலக்க வேண்டும், இல்லாவிட்டால் எச்சிலோடு வாய்க் கிருமியும் நெஞ்சுக்குள் இறங்கும். மாத்திரையை இடித்துக் கொடுக்குமுன் டாக்டரைக் கேளுங்கள், சிலவற்றை இடிக்கக்கூடாது.

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. இரண்டு மாதமாகத் தனியாக ஊட்டுகிறார், யாரும் கற்றுத்தரவில்லை. தெரபிஸ்டிடம் அவரையும் கூட்டிப் போங்கள், அங்கேயே அவர் கையால் ஊட்டிக் காட்டட்டும். அப்பாவால் 'போதும்' என்று சொல்ல முடியாது. இடது கையை உயர்த்தினால் நிறுத்துவது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளட்டும். ஊட்டும் நேரத்தில் டிவி ஓடக்கூடாது.