பதில்: பஃபி 2ஆம் சீசன், ஸ்பைக் இருக்க ஏஞ்சல் ஏன் வில்லனானான்?

'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொடரில் ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பஃபியின் காதலன் ஏஞ்சல், ஆன்மா உள்ள ரத்தக்காட்டேரி. ஸ்பைக் என்ற வில்லன் ரத்தக்காட்டேரி இருக்கும்போதே அவனை ஏன் திடீரென வில்லனாக்கினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். 13ஆவது எபிசோடு உங்களுக்கு விட்டுப்போயிருக்கும். அதன் கடைசிக் காட்சியில், மழையில் தெருவுக்கு ஓடிவந்து விழும் ஏஞ்சல் பஃபியின் பெயரைச் சொல்லிக் கதறுவான். ஞாபகம் இல்லையென்றால் அதுதான் காரணம். 13, 14 இரண்டும் ஒரே கதை. 1998 ஜனவரி 19, 20 என அடுத்தடுத்த இரவுகளில் ஒளிபரப்பானவை.

14இன் தொடக்கத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். உதவ வந்த பெண்ணைக் கடித்துவிட்டு, அவள் இழுத்த சிகரெட் புகையை அவன் வாயிலிருந்து ஊதுவான். ஆன்மா போய்விட்டது என்பதை அந்தப் புகையிலேயே சொல்லிவிட்டார்கள். அவனுக்கு ஆன்மாவைத் திரும்பத் தந்த சாபத்தின் விவரம் அதே எபிசோடில் வரும்: ஒரு நொடி முழுச் சந்தோஷம் கிடைத்தால் ஆன்மா பறிபோகும். 13இல் பஃபியோடு கழித்த இரவில் அது கிடைத்துவிட்டது.

ஸ்பைக்கை ஓரங்கட்டியது தற்செயல் இல்லை. 10ஆவது எபிசோடில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்குப் போகிறான் அல்லவா, அங்கேயே வில்லன் இடம் காலி. ஸ்பைக் வெளியாள், சண்டை போட்டால் முடிந்தது. ஏஞ்சலை முதல் சீசனிலேயே பஃபி தன் வீட்டுக்குள் அழைத்தாயிற்று. அழைக்காமல் ரத்தக்காட்டேரி வீட்டுக்குள் வர முடியாது, ஒருமுறை அழைத்துவிட்டால் வாசல் தடை கிடையாது. அதனால்தான் 17இல் தூங்கும் பஃபியை வரைந்து தலையணையிலேயே வைத்துவிட்டுப் போக முடிகிறது. எனக்கு அந்த ஒரு தாள் எந்தக் கொலையையும்விடப் பயங்கரம்.

7ஆவது எபிசோடையும் தவறவிட்டிருந்தால் பாருங்கள், ஸ்பைக்கின் காதலி ட்ரூசில்லாவுக்கு ஏஞ்சல் முன்பு செய்தது அங்கே இருக்கிறது. 22 முடியும்வரை விக்கி பக்கம் மட்டும் போகாதீர்கள், முடிவு முதல் பத்தியிலேயே உடையும்.