ஹார்மோன் எடுத்தும் தாடி போகவில்லையே, லேசர் செய்யலாமா?

கேள்வி கேட்டவர் 23 வயதுத் திருநங்கை. எட்டு மாதமாக ஹார்மோன் எடுக்கிறார். தோல் மென்மையாகிவிட்டது, மார்பு வளர்கிறது, தாடி மட்டும் அப்படியே இருக்கிறது என்கிறார். வருகிற தை மாதம் தம்பிக்குக் கல்யாணம், வீட்டில் புடவை கட்டி வரச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் லேசர் செய்து முடித்துவிட முடியுமா, வலிக்குமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, வீட்டில் புடவை கட்டி வரச் சொன்னார்கள் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். என் தங்கை கல்யாணத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஹார்மோன் தாடியை எடுக்காது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் முகத்திலிருக்கும் பூனைமுடியைத் தடித்த கறுப்பு முடியாக மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய மயிர்க்கால் பழையபடி திரும்புவதில்லை. ஈஸ்ட்ரோஜனும், ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரையும் கை கால் முடியை ஓரளவு மெலிய வைக்கும். தாடி வளரும் வேகம் கொஞ்சம் குறையும், புதிதாக முடி தடிப்பது நிற்கும். அவ்வளவுதான். உங்கள் மருந்தில் குறை இருக்கிறது என்று நினைத்து டோஸை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். தாடி அதனால் அசையாது, ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. பத்தொன்பது வயதில் மூத்த அக்காக்களோடு போய்ச் சேர்ந்தபோது என் கையில் ஒரு பிளக்கரையும் சின்னக் கண்ணாடியையும் கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு முடியாகப் பிடுங்குவோம். தாடை முடிய இரண்டு மணி நேரம் ஆகும். ஒருவருக்கொருவர் கழுத்துக்கு அடியில் பார்த்துச் சொல்லுவோம், எட்டாத இடத்தில் பிடுங்கியும் விடுவோம். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அன்றைக்கு எங்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் எட்டு வருடம் அப்படிச் செய்ததில் என் தாடை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டிகள், தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்த முடிகள், கன்னத்துக்குக் கீழே கருமை. கஸ்தூரி மஞ்சள் பூசிப் பார்த்தேன், கடலை மாவு பூசிப் பார்த்தேன். தடித்த முடி அதற்கெல்லாம் போகாது.

நீங்கள் இப்போதே பிளக்கர், த்ரெட்டிங், வேக்ஸிங் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். லேசர் வேலை செய்வதே முடியிலிருக்கும் கறுப்பு நிறமியை வைத்துத்தான். வெளிச்சத்தை அந்த நிறமி வாங்கிக்கொள்கிறது, சூடு முடி வழியாக இறங்கி மயிர்க்காலைச் சுடுகிறது. வேரோடு பிடுங்கிவிட்டுப் போனால் அந்தச் சூட்டை வாங்க அங்கே எதுவுமே இருக்காது. ஷேவ் செய்தால் முடி தோலுக்குள் இருக்கும், அதுதான் வேண்டும். ரேசரைத் தொடவே நமக்கு எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியும். லேசர் முடியும் வரை அந்தக் கசப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்ததை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நிறமி நம் தோலிலும் இருக்கிறது. நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கறுப்புக்கும் எல்லா மெஷினும் ஒத்துவராது. நானோமீட்டர் என்பது லேசர் வெளிச்சத்தின் அலைநீளம். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெளிர்தோலுக்கு நன்றாக இருக்கும், நமக்கு மேல்தோலையே சுட்டுவிடலாம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் மேல்தோலில் அதிகம் தங்காமல் ஆழமாக இறங்குகிறது, கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். 810-ஐ ஒட்டிய டையோடு இரண்டுக்கும் நடுவில். நம் தோலிலும் செய்கிறார்கள், அளவு தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும். ஐபிஎல் என்பது லேசரே இல்லை, பலவித வெளிச்சம் கலந்தது. பத்து வருடத்துக்கு முன்பு ஒரு பார்லரில் அதைத்தான் லேசர் என்று சொல்லி என் முகத்தில் அடித்தார்கள். டாக்டர் இல்லை, ஒரு இடத்தில் சோதித்துப் பார்க்கவும் இல்லை. மறுநாள் இரண்டு கன்னத்திலும் பட்டை பட்டையாகக் கொப்புளம். கருமை மறைய ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

அதனால் தோல் மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். என்ன மெஷின், எத்தனை நானோமீட்டர், காதோரம் ஒரு சின்ன இடத்தில் அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி வரச் சொல்வீர்களா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் போக வேண்டாம். திருநங்கை என்பதை போனிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் முதலில் போன ஒரு இடத்தில் மற்றப் பெண்கள் எல்லோரும் போகும் வரை என்னை வெளியே உட்கார வைத்தார்கள். இப்போது போகிற டாக்டர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், தாடையைத் தொட்டுப் பார்த்தார், பிளக்கர் தழும்புகளை எண்ணினார். அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது அழுதுவிட்டேன்.

வலிக்குமா என்றால், வலிக்கும். ரப்பர் பேண்டைச் சூடாக்கிச் சுண்டினால் எப்படி இருக்கும், அப்படி. கன்னம் பரவாயில்லை, மேல் உதட்டில் அடிக்கும்போது கண்ணில் தண்ணீர் தானாக வரும். முதல் இரண்டு சிட்டிங்கில் முடி அடர்த்தியாக இருப்பதால் வலியும் அதிகம், போகப் போகக் குறையும். மரத்துப்போகும் கிரீம் ஒரு மணி நேரத்துக்கு முன்பு போடுவார்கள். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் வீட்டிலேயே அள்ளிப் பூசாதீர்கள், அந்த மருந்து அதிகமாக உடம்பில் ஏறினால் ஆபத்து. சிட்டிங்குக்கு முன்னும் பின்னும் வெயில் ஆகாது, சன்ஸ்கிரீன் தினமும் வேண்டும்.

ஒரே தடவையில் ஏன் முடிவதில்லை என்று கேட்பீர்கள். முடி எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. கொஞ்சம் வளரும், கொஞ்சம் உறங்கும். வளரும் முடிதான் லேசருக்குச் சிக்கும். அதனால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு சிட்டிங். எனக்குப் பதினொன்று ஆனது. ஒரு சிட்டிங்குக்கு 3,500 ரூபாய் கட்டினேன், எல்லாமே கைக்காசு. 2019-இல் வந்த திருநர் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, காப்பீட்டில் வர வேண்டிய செலவுகளில் அறுவைச் சிகிச்சை, ஹார்மோனோடு லேசர் சிகிச்சையையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. இது அழகுக்கான செலவு என்று யாராவது சொன்னால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள். சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜியிலும் நமக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது, தோல் பிரிவுக்கு அங்கிருந்து சீட்டு எழுதித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

லேசருக்கு அப்புறமும் கொஞ்சம் முடி மிஞ்சும். நரைத்ததும் செம்பட்டையும் லேசருக்கு அகப்படாது. அதற்கு எலக்ட்ராலிசிஸ். ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் மெல்லிய ஊசியை விட்டு மின்சாரத்தால் வேரை அழிப்பார்கள். 1875-இல் சார்லஸ் மிஷல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், கண்ணுக்குள் குத்தும் இமைமுடியை எடுக்க இதை முதலில் செய்தார். லேசரை நிரந்தரக் குறைப்பு என்றுதான் சொல்ல அனுமதிக்கிற எஃப்டிஏ (மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு), எலக்ட்ராலிசிஸை நிரந்தர நீக்கம் என்கிறது. ஆனால் முழுத் தாடியையும் இதிலேயே எடுப்பதென்றால் நூறு மணி நேரத்துக்கு மேல் போகும். இன்னொரு கஷ்டம், ஊசி விட முடி வெளியே தெரிய வேண்டும், அதனால் இரண்டு மூன்று நாள் ஷேவ் செய்யாமல் போக வேண்டும். அந்த மூன்று நாள் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காது. நான் 2021-இல் செய்தேன். கொரோனாவால் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்த காலம், பஸ்ஸில் என்னை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. பின்னால் பெண்ணுறுப்பு அமைக்கும் அறுவைச் சிகிச்சை செய்யும் எண்ணம் இருந்தால், அங்கே இருக்கும் முடியைப் பற்றி இப்போதே சர்ஜனிடம் பேசுங்கள். அந்தத் தோலைத்தான் உள்ளே வைக்கிறார்கள். முடியோடு வைத்தால் உள்ளேயே முடி வளரும், அப்புறம் எடுப்பது பெரும்பாடு. அதற்கும் பல மாதம் முன்பே தொடங்க வேண்டும். கை தோலை எடுத்து ஆணுறுப்பு அமைக்கும் திருநம்பிகளுக்கும் இதே கதைதான்.

தைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. இந்த மாதமே தொடங்கினால் ஐந்து சிட்டிங் கிடைக்கும். முழுக்கப் போகாது, ஆனால் பாதிக்கு மேல் மெலிந்துவிடும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் பிறகு இரண்டு வாரம் முடி வளர்வது போலவே தெரியும். அது செத்த முடி வெளியே வருவது, பயந்து பிடுங்காதீர்கள். கடைசி சிட்டிங்கை முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்பே வைத்துக்கொள்ளுங்கள், சிவப்போ கருமையோ இருந்தால் அடங்க நேரம் வேண்டும். அன்று காலை ஷேவ் செய்துவிட்டு, நிழல் தெரியும் இடத்தில் ஆரஞ்சு லிப்ஸ்டிக்கை மெல்லியதாகத் தடவி, அதன்மேல் ஃபவுண்டேஷன் போடுங்கள். பச்சை தட்டுவது அந்த ஆரஞ்சில் மறைந்துவிடும். தை மாதத்து வெயிலில் பந்தலுக்குள் மத்தியானம் வரை தாங்கும். பந்தி முடிந்ததும் ஒருமுறை ஒற்றிவிட்டுக்கொள்ள ஹேண்ட்பேக்கில் ஒரு கர்ச்சீப் வைத்துக்கொள்ளுங்கள்.