கால் அப்பம் வாங்கினா கால் நற்கருணையா?

பெரம்பூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. மாமியாருக்கு 82 வயசு, ஸ்ட்ரோக் வந்து படுக்கையில இருக்காங்க, எல்லாத்தையும் மிக்ஸியில அடிச்சு தான் ஊட்டுறாங்க. மாசத்தோட முதல் வெள்ளிக்கு வீட்டுக்கே நற்கருணை (பூசையில குரு அர்ப்பணிச்ச அப்பம்) கொண்டு வந்தவர் அப்பத்துல கால்வாசி மட்டும் உடைச்சு, ஸ்பூன் தண்ணியில நனைச்சுக் குடுத்திருக்கார். அதுலயும் கொஞ்சத்த இருமித் துப்பிட்டாங்களாம். "அத்தை முழுசா வாங்கினதா ஆகுமா? துப்பினத டிஷ்யூல எடுத்து வச்சிருக்கேன், குப்பையில போட மனசு வரல."

குப்பையில போடாம வச்சது ரொம்ப சரி. மொதல்ல உங்க அத்தை விஷயத்துக்கு வரேன், அவங்க முழுசா தான் வாங்கியிருக்காங்க. நம்ம விசுவாசப்படி பூசையில "இது உங்களுக்காகக் கையளிக்கப்படும் என் உடல்"னு குரு சொன்னதுக்கப்புறம் அங்க இருக்குறது ரொட்டி இல்ல, நிறம் ருசி மணம் எல்லாம் ரொட்டியாட்டம் அப்படியே இருக்கும், ஆனா உள்ள இருக்குறது உயிரோட இருக்குற கிறிஸ்து. உயிரோட இருக்குறவர கால், அரைன்னு பிரிக்க முடியாதே. உடையுறது அந்த வடிவம் தான், அவர் இல்ல. பெரிய அப்பத்துலயும் முழு கிறிஸ்து, நகக்கண்ணுல ஒட்டுற துகள்லயும் முழு கிறிஸ்துன்னு 1551-ல திரெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்கள் கூடுன பொதுச்சங்கம்) தெளிவா சொல்லிடுச்சு. அதுக்கும் முன்னாடி, கிண்ணத்துல இருக்குற திராட்சை ரசத்தையும் குடிச்சா தான் முழுசுன்னு பொஹீமியா (இப்போ செக் நாடு) பக்கம் பெரிய சண்டையே நடந்துச்சு, அப்பம் மட்டும் வாங்கினாலும் உடல் இரத்தம் ரெண்டும் சேர்ந்த முழு கிறிஸ்து தான்னு 1415-லயே கான்ஸ்டன்ஸ் சங்கம் சொன்னது அப்போ தான்.

பக்கத்து வீட்டுக்காரங்க பிரியமா "பிரசாதம் குடுத்தாங்களா"ன்னு கேப்பாங்க, நாமளும் சிரிச்சிட்டு ஆமான்னுடுவோம், ஆனா பிரசாதம் சாமிக்குப் படைச்சது, இது அவரே தான்னு நாம நம்புறோம். அதனால தான் ஒரு துகளுக்கு இவ்ளோ பதட்டம்.

இப்போ அந்த டிஷ்யூ. அப்பத்தோட வடிவம் இருக்குற வரைக்கும் கிறிஸ்துவோட பிரசன்னமும் இருக்கும், கரைஞ்சு ரொட்டின்னே சொல்ல முடியாம போனா பிரசன்னமும் இல்ல. ஒரு சுத்தமான டம்ளர்ல தண்ணி ஊத்தி டிஷ்யூவோட போட்டு மூடி வைங்க. அப்பம் மெல்லிசு, சீக்கிரம் கூழாகிடும், சுத்தமா கரைஞ்சிடுச்சான்னு பாத்துட்டு அந்தத் தண்ணிய துளசியோ ரோஜாவோ எந்தத் தொட்டியில வேணா வேர்ல ஊத்திடுங்க, சிங்க்ல வேணாம். டிஷ்யூவ அதே மண்ணுல புதைச்சிடுங்க. மனசு உறுத்துனா அப்படியே ஃபாதர்கிட்ட குடுத்துடுங்க, யாரும் திட்ட மாட்டாங்க.

அடுத்த தடவைக்கு கால்வாசி கூட வேணாம், அரிசிமணி அளவு போதும். காய்ஞ்ச அப்பம் நமக்கே மேலண்ணத்துல போய் ஒட்டிக்கும், அவங்களால நாக்க வச்சு எடுக்க முடியாது. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு வெறும் தண்ணி சில சமயம் கெட்டியான கஞ்சிய விட ஆபத்து, மூச்சுக்குழாய்ல இறங்கிடும், அதனால எதுல நனைச்சுக் குடுக்கலாம்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. படுக்க வச்சு குடுக்கவே கூடாது, தலகாணி வச்சு நிமிர்த்தி உக்கார வைங்க. அரிசிமணி அளவு அப்பமும் இறங்கலன்னா திருஇரத்தம் (பூசையில அர்ப்பணிச்ச திராட்சை ரசம்) மட்டும் ஒரு துளி நாக்குல விடலாம், அப்பத்த முழுங்க முடியாதவங்களுக்கு திருச்சபை சட்டத்துலயே இதுக்கு இடம் இருக்கு (925-ம் பிரிவு). ஆனா அத பூசையில இருந்து மூடுன பாத்திரத்துல கொண்டு வரணும், திடீர்னு கேட்டா கிடைக்காது. எதுவுமே இறங்காத நாள்ல பக்கத்துல உக்காந்து ஆன்ம நற்கருணை ஜெபம் (அப்பம் வாங்க முடியாதப்ப கிறிஸ்துவ மனசுக்குள்ள வரச் சொல்லி வேண்டுறது) சொல்லுங்க, காதுல விழுந்தா போதும்.

கஞ்சி குடுத்து ஒரு மணி நேரம் ஆகலையேன்னும் யோசிக்காதீங்க. நற்கருணைக்கு முன்னாடி ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதுங்கிற அந்த உபவாசம் வயசானவங்களுக்கும் நோயாளிக்கும் கிடையாது, அவங்கள பாத்துக்குற உங்களுக்கும் கிடையாது. ராத்திரி பகலா கூடவே இருந்துட்டு பூசைக்குப் போக முடியலன்னா, வர்றவர்கிட்ட "எனக்கும் ஒண்ணு கொண்டு வாங்க"ன்னு தயங்காம சொல்லுங்க, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) பண்ண வேண்டியிருந்தா அதுக்கு மட்டும் ஃபாதர் தான் வரணும். பங்கு ஆபீஸுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போன் போட்டு, அத்தை எத்தன மணிக்கு நல்லா முழிச்சிருப்பாங்கன்னும் சொல்லிடுங்க, தூக்கக் கலக்கத்துல குடுக்குறப்ப தான் நிறைய பேருக்கு இருமல் வருது.