பாரம் இழுக்கும் டிரக்குக்கு எந்த ஹெடர்?

கேள்வி: என் பிக்கப் டிரக்கில் 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது வண்டி திணறுகிறது. பின் அச்சின் கியர் விகிதம் 3.42. எக்ஸாஸ்ட் ஹெடர் மாட்டினால் சரியாகுமா? குழாய் 1¾ அங்குலமா, 1⅞ அங்குலமா?

பதில்: ஹெடரால், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனித்தனிக் குழாயில் வெளியேற்றும் அமைப்பால், பலன் உண்டு. ஆனால் உங்கள் திணறலுக்கு முதல் மருந்து அதுவல்ல. பின் அச்சில் 3.42க்குப் பதிலாக 4.10 கியரைப் போட்டால், எந்த ஆர்பிஎம்மிலும் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) சக்கரத்துக்குப் போகும் டார்க் (சுழற்றும் விசை) ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். எந்த ஹெடரும் அவ்வளவு தராது. அதே வேகத்தில் எஞ்சினும் 20 சதவீதம் கூடுதலாகச் சுழலும், வெறும் வண்டியில் எரிபொருள் செலவு ஏறும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கர இயக்கமானால் முன் அச்சிலும் அதே விகிதம் வேண்டும்; ஸ்பீடோமீட்டர் கணக்கையும் திருத்த வேண்டும்.

இனி ஹெடர். 1⅞ பக்கமே போகாதீர்கள். பாரம் இழுப்பவருக்கு நான் சொல்வது 1⅝ அங்குல, நீளக் குழாய் ஹெடர். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. நான்கு குழாய்களும் சேரும் கலெக்டரில் இடம் திடீரென விரிவதால், அது தாழ்வழுத்த அலையாகத் திரும்புகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் சிறு நேரத்தில் அந்த அலை வந்து சேர்ந்தால், மிஞ்சிய புகையை உறிஞ்சிப் புதுக்காற்றையும் உள்ளே இழுக்கும். குழாய் நீண்டால் அலை திரும்ப அதிக நேரமாகும்; ஆகவே இந்தப் பொருத்தம் குறைந்த ஆர்பிஎம்மில் அமைகிறது. மேடு ஏறுபவருக்கு வேண்டியது அதுதான். குழாய் அகன்றால் வாயுவின் வேகம் தளர்ந்து, பலன் மேல் ஆர்பிஎம்முக்கு நகர்ந்துவிடும். எஞ்சினுக்குப் பின்னழுத்தம் (புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம்) தேவை என்று பலரும் சொல்வது தவறு. தேவை வாயுவின் வேகம். குட்டைக் குழாய் ஹெடர் மாட்டுவதற்கு எளிது, ஆனால் வண்டியோடு வந்த மேனிஃபோல்டைவிட (ஹெடர் மாட்டும் இடத்தில் இப்போது இருக்கும் புகைக்குழாய்) பெரிதாக எதுவும் தராது.

உலோகத்தில் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவை நன்றாகத் தாங்கும். 409 மலிவு, மேலே துரு படியும். சாதா எஃகுக் குழாயில் வெப்பத்துணி சுற்றாதீர்கள். ஈரம் தங்கி அரித்துவிடும்.

வாங்குவதற்கு முன், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும் காலையில் ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேளுங்கள். டிக் டிக் என்ற ஒலி கேட்டு, சூடானதும் அடங்கினால், மேனிஃபோல்டு போல்ட் ஒன்று முறிந்திருக்கலாம். இந்த எஞ்சின்களில் பெரும்பாலும் கடைசி சிலிண்டரின் பின் போல்ட்தான் முறியும். ஃபிளாஞ்சு (எஞ்சினோடு பொருந்தும் தட்டு) ஓரத்தில் கறுப்புக் கரி படிந்திருக்கும். முறிந்த துண்டை எடுக்காமல் ஹெடர் உட்காராது. புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். எரிபொருள் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்ல, ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தேவையின்றிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். ஆகவே பல அடுக்கு எஃகு கேஸ்கட் (இணைப்பில் கசிவை அடைக்கும் தகடு) போடுங்கள். எஞ்சின் சிலமுறை சூடாகி ஆறிய பிறகு போல்ட்டுகளை, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மறுபடி முறுக்குங்கள்.

நீளக் குழாய் ஹெடர், புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரின் இடத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம், நச்சுப்புகையோ நாம் எல்லோரும் சுவாசிப்பது. இடம் மாற்றுவதற்கே உங்கள் ஊரின் புகை விதி அனுமதிக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஈசியு ட்யூனிங்கைக் கடைசியாக, எல்லாம் மாட்டி முடித்த பிறகு செய்யுங்கள். டிரெய்லர் இழுக்கும் வண்டி என்று ட்யூன் செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தீப்பொறி நேரத்தை அவர் அதற்கேற்ப அடக்கி வைப்பார்.