ஆக்டேவியா ஹில்லின் வாடகை வசூல்

அன்புள்ள ஐயா,

நவீன சமூகப்பணியின் முன்னோடி என்று ஆக்டேவியா ஹில்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். வாராவாரம் ஏழைகளிடம் வாடகை வசூலித்திருக்கிறார், கொடுக்காதவர்களைக் காலி செய்ய வைத்திருக்கிறார். இவரை எப்படிச் சமூகப்பணியாளர் என்பது?

ம., எம்.எஸ்.டபிள்யூ. மாணவி

அன்புள்ள ம.,

நீங்கள் சொல்வது எல்லாம் உண்மை. ஆனால் அந்த வசூல்தான் அவருடைய சமூகப்பணியே.

1865இல் லண்டன் மேரிலிபோனில், பாரடைஸ் பிளேஸ் என்ற இடத்தில் (பெயர்தான் சொர்க்கம்) மூன்று வீடுகளை எழுத்தாளரும் கலை விமர்சகருமான ஜான் ரஸ்கின் 750 பவுண்டுக்கு வாங்கி ஹில்லிடம் ஒப்படைத்தார். ஹில்லுக்கு அப்போது 26 வயது. அப்பா தானிய வியாபாரத்தில் திவாலானதால் 14 வயதிலேயே, பொம்மை செய்யும் ஏழைப் பிள்ளைகளை மேற்பார்க்கும் வேலைக்குப் போனவர். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீதம் வர வேண்டும் என்றார் ரஸ்கின். வந்தால்தானே மற்ற பணக்காரர்களும் பணம் போடுவார்கள்!

ஆரம்பத்தில் கைக்கு வந்த வீடுகளைப் பற்றி ஹில்லே எழுதியிருக்கிறார். கும்மிருட்டான மாடிப்படி. கைப்பிடிக் கம்புகளைக் குடியிருந்தவர்களே விறகாக எரித்துவிட்டார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு வாளி. மராமத்துக்கு என்று ஒரு தொகையை ஒதுக்கினார். அதில் மிஞ்சுவதை என்ன வசதிக்குச் செலவிடலாம் என்பதைக் குடியிருப்பவர்களே சொல்லலாம். உடைத்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். வேலையில்லாத நாட்களில் அந்த மராமத்து வேலையையும் அவர்களுக்கே கொடுத்தார்.

தர்மம் செய்கிறவர் நாளைக்கு வராமல் போகலாம். வாடகை வாங்குகிறவர் வந்தே தீர வேண்டும், குழாய் ஒழுகினால் அவரிடம் சண்டையும் போடலாம். இந்த வேலைக்கென்றே பெண்களைப் பழக்கினார் ஹில். நீங்கள் வகுப்பில் படிக்கும் ‘ஹோம் விசிட்’டுக்கு (குடும்பத்தை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது) இதுவும் ஒரு வேர்.

சரி, காலி செய்தவர்கள் எங்கே போனார்கள்? இங்கே என்னால் அவருக்காக வாதாட முடியாது. முதியோருக்கு அரசு ஓய்வூதியம், நகராட்சி வீடு கட்டித் தருவது, பெண்களுக்கு ஓட்டு, எல்லாவற்றையும் எதிர்த்தார். நேரில் தெரிந்த குடும்பங்களுக்குச் சரிப்பட்டது ஊருக்கே போதும் என்று நம்பிவிட்டார்.

சமூக ஆய்வாளர் பியாட்ரிஸ் வெப்பும் இளம்வயதில் லண்டனில் வாடகை வசூலித்தவர்தான். அவர் போய்ச் சேர்ந்த முடிவு நேர் எதிர்: ஏழ்மையைத் தீர்ப்பது அரசின் பொறுப்பு. ஏழைகளுக்கான உதவிச் சட்டத்தை ஆராய 1905இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த ராயல் கமிஷனில் இருவரும் உறுப்பினர்கள். 1909இல் ஹில் பெரும்பான்மை அறிக்கையில் கையெழுத்திட்டார், வெப் சிறுபான்மை அறிக்கையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.