எட்டுப் பேருக்கு எத்தனை அங்குலம்? பீட்சா கேள்வி-பதில்

கண்டியில் ஒரு பீட்சா அடுப்படியில் ஒன்பது வருடம் மாவு தட்டினேன். இப்போது பண்டாரவளையில் சொந்தமாக ஒரு சின்ன அடுப்பு. ருசியைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. எத்தனை பேருக்கு எது காணும், காசுக்கு எது கட்டும் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

டியூஷன் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர், பரீட்சை முடிந்ததும் பீட்சா சாப்பிடப் போகிறோம். ஆளுக்கு 500 ரூபாய். கடையில் 9 அங்குலம் 1,800, 12 அங்குலம் 2,900. எதை எடுப்பது? (ஹட்டன்)

போனில் கால்குலேட்டரைத் திறந்து, விலையை அங்குலத்தால் இரண்டு தடவை வகுங்கள். 1,800-ஐ 9-ஆல், வந்ததை மறுபடி 9-ஆல்: 22 சொச்சம். 2,900-ஐ அதேபோல 12-ஆல்: 20 சொச்சம். எது குறைவாக வருகிறதோ அதில்தான் காசுக்குச் சாப்பாடு கூட. வட்டம் அப்படித்தான். 9 அங்குலத்தின் பரப்பு 64 சதுர அங்குலம், 12 அங்குலத்துக்கு 113. அகலம் மூன்று அங்குலம்தான் கூடுகிறது, சாப்பாடு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

சரி, உங்களிடம் இருப்பது 4,000. ஒரு லார்ஜை, அதாவது 12 அங்குலத்தை, எட்டாக வெட்டினால் ஆளுக்கு ஒரு துண்டு. பரீட்சை எழுதிவிட்டு வருகிற வயிற்றுக்கு அது எந்த மூலைக்கு? இரண்டு மீடியம், அதாவது 9 அங்குலம், 3,600-க்கு வாங்கி ஆறாறாக வெட்டினாலும் ஆளுக்கு ஒன்றரைத் துண்டு, அதுவும் சின்னத் துண்டு. நானாக இருந்தால் ஒரு லார்ஜ் எடுத்து, மிச்சம் 1,100-க்குப் பக்கத்துப் பேக்கரியில் ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்குவேன். பீட்சாவாலேயே வயிறு நிரம்ப வேண்டுமென்றால் இரண்டு லார்ஜ், ஆளுக்கு 725 ரூபாய். அதை வீட்டில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

லார்ஜ் முடிந்துவிட்டது என்று ஒரு கடையில் அதே விலைக்கு இரண்டு ஸ்மால் கொடுத்தார்கள். ஆறும் ஆறும் பன்னிரண்டு, சரிதானே என்றார்கள். சரியா? (தலவாக்கலை)

சரியே இல்லை, உங்களுக்குப் பாதிதான் கிடைத்திருக்கிறது. 12 அங்குலத்துக்கு ஈடு, நான்கு 6 அங்குலம். ரொட்டி தட்டுகிறவர்களுக்கு இது கணக்கில்லாமலே தெரியும். பெரிய ரொட்டிக்குப் பிடித்த உருண்டையைப் பாதி அகலத்தில் தட்டிப் பாருங்கள், நாலு ரொட்டி வரும்.

இதில் இன்னொரு நட்டமும் ஒளிந்திருக்கிறது. சுற்றிவர ஓர் அங்குலம் வெறும் மாவு ஓரம் என்று வையுங்கள். 6 அங்குலத்தில் சீஸ் விழும் இடம் 4 அங்குல வட்டம், 12 அங்குலத்தில் 10 அங்குல வட்டம். சீஸும் கோழியும் இருக்கிற இடத்தை மட்டும் அளந்தால் அந்த இரண்டு ஸ்மாலும் ஒரு லார்ஜில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த தடவை, அந்த விலைக்கு நான்கு ஸ்மால் தருவீர்களா என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். தராவிட்டால் காசைத் திருப்பி வாங்குங்கள்.

ஹட்டனில் வாங்கி பஸ்ஸில் மஸ்கெலியா கொண்டுவந்தால் பீட்சா அட்டை மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டில் நாலு பேர். என்ன அளவு வாங்கலாம்? (மஸ்கெலியா)

உங்களுக்கு மட்டும் மேலே சொன்ன கணக்கை மாற்றுகிறேன். ஒரு லார்ஜ் வேண்டாம், இரண்டு மீடியம் வாங்குங்கள். ரூபாய்க்குப் பார்த்தால் கொஞ்சம் நட்டம்தான். ஆனால் 9 அங்குலம் வீட்டுத் தோசைக்கல்லில் அப்படியே உட்காரும், 12 உட்காராது. நம் குளிரில் சீஸின் கொழுப்பு சீக்கிரம் உறைந்துவிடும், மாவும் விறைக்கும். கல்லைச் சிறு தீயில் காயவைத்து பீட்சாவை வையுங்கள். அடி மொறுமொறுவென்று வந்ததும் கல்லின் ஓரத்தில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தெளித்து, ஒரு நிமிடம் மூடி வையுங்கள். அந்த ஆவியில் சீஸ் இளகிவிடும். கோழி போட்டதென்றால் நடுவிலும் நன்றாகச் சூடேறட்டும்.

பெட்டியை மடியில் தட்டையாக வையுங்கள், பைக்குள் செருகாதீர்கள். நான் ஒரு முறை நுவரெலியாவிலிருந்து புசல்லாவைக்கு 16 அங்குலப் பெட்டி ஒன்றைக் கொண்டு போனேன். பஸ்ஸில் இடமில்லை, பெட்டியை இடுப்பில் சாய்த்துப் பிடித்திருந்தேன். ரம்பொடை வளைவுகள் முடிந்தபோது சீஸ் முழுக்க ஒரு மூலையில் குவிந்திருந்தது. பெட்டியைத் திறந்த அக்கா, "இதில் எது பீட்சா தம்பி?" என்று கேட்டார்.

பான் பீட்சாவா, மெல்லியதா? (பதுளை)

பசிக்கு பான். மாவு தடிப்பு, எண்ணெயும் கூட, மூன்று துண்டுக்கு மேல் இறங்காது. மெல்லியதென்றால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டில் பாதிப் பேர் மரக்கறி. ஒரே பீட்சாவில் பாதி பாதி போடச் சொல்லலாமா? (நானுஓயா)

போடுவார்கள். ஆனால் ஒரே கத்தி இரண்டு பக்கமும் ஓடும், கோழி எண்ணெயும் எல்லை தாண்டும். கட்டாயமாக விரதம் இருப்பவருக்குத் தனி ஸ்மால்தான் மரியாதை.

மகளின் பிறந்தநாள். பிள்ளைகள் 12, பெரியவர்கள் 8. மாமியார் சீஸை வாயில் வைக்க மாட்டார். எத்தனை லார்ஜ்? (பொகவந்தலாவை)

பீட்சாவையே சாப்பாடாகப் போடுவதென்றால் பெரியவருக்கு 40 சதுர அங்குலம், பிள்ளைக்கு 25 என்று பார்ப்பேன். மொத்தம் 620, அதாவது ஆறு லார்ஜ். ஹட்டன் பிள்ளைகள் சொன்ன விலையில் 17,400 ரூபாய். வேண்டாம். சோறு கறி ஆக்கத்தானே போகிறீர்கள்? நான்கு லார்ஜ் போதும், 11,600. மொத்தம் 32 துண்டு: பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு, பெரியவர்களுக்கு ஒவ்வொன்று. கேக்கும் வடையும் உள்ளே போன பிறகு எடுங்கள், முதலே வைத்தால் கணக்கு உடைந்துவிடும். மாமியாரின் துண்டு ஒன்று மிச்சம் வரும். அதை மேசையில் விடாமல் ஒளித்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பையன்கள் அடித்துக்கொள்வார்கள்.